பிள்ளைகளை முதல் வேட்டைக்குக் கூட்டிப்போகிறீர்களா? துப்பாக்கியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

ஜூலை மாதம் நடந்தது. கோபம் ஆறட்டும் என்று இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் டர்பன், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் இருக்கும் நம்மவர்கள் அடுத்த குளிர்கால வேட்டைக்கு இப்போதே முன்பணம் கட்டத் தொடங்கியிருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இது.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்கள் முகம் சுளிக்கும் முன் ஒரு வார்த்தை. அங்கே 1972-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே ஜெயில்தான் நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்காவில் கதை வேறு. முறையாக வேலி போட்ட பண்ணையில் மேயும் மான் பண்ணைக்காரரின் சொத்து. அதற்கென்றே 1991-இல் ஒரு சட்டம் வந்தது. குளிர்காலத்தில் காசு கொடுத்து ஒரு இம்பாலா மான் சுட்டு, இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்து பில்டோங் போடுவது இங்கே பல குடும்பங்களில் வருஷா வருஷம் நடப்பது. பில்டோங் என்பது நம்ம ஊர் உப்புக்கண்டம்தான். வினிகரும் கொத்தமல்லி விதையும் கூடுதல், அவ்வளவுதான்.

நான் திருநெல்வேலிக்காரன், இங்கே வந்து பதினாறு வருஷம். மனைவி சாட்ஸ்வொர்த்தில் பிறந்தவள், கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பரம்பரை. அவளுடைய அண்ணன், என் மச்சான், வருஷம் தவறாமல் வேட்டைக்குப் போகிறவர். அவர் பேசும் தமிழில் பாதி ஆங்கிலமும் கால்வாசி ஜூலுவும் இருக்கும். ஆனால் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சொல்லிக்கொடுக்க அவரைப் போல ஆள் கிடையாது. அவருடைய மகளுக்குப் பதினாறு வயது, என் பையனுக்குப் பதினாலு. ஏப்ரல் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை தோறும் இருவரையும் சுடுதளத்துக்குக் கூட்டிப்போனார். முதலில் உதையே தெரியாத பாயிண்ட் 22 துப்பாக்கி. அப்புறம் பாயிண்ட் 243. சின்ன உடம்புக்கு இம்பாலா அளவு மிருகத்துக்கு அதுவே போதும், தோளை நொறுக்காது என்பார். காதுக்கு மூடி இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுட விடமாட்டார். கண்ணைத் துப்பாக்கி மேல் குறி பார்க்க வைத்திருக்கும் ஸ்கோப்பில் ஒட்ட வைத்தால் உதைக்கிற உதையில் புருவம் கிழியும் என்று தன் புருவத்துத் தழும்பைக் காட்டுவார்.

அட்டையில் இம்பாலா வரைந்து, எங்கே சுடுவது என்று அவர் சொன்னது எனக்கே மனப்பாடம். "முன்னங்கால் கோட்டைப் பிடிச்சு மேலே போ. உடம்புல மூணுல ஒரு பங்கு ஏறினதும் நில்லு. அங்கதான் இதயம். பின்னாடி தள்ளினா வயிறு. வயித்துல பட்டா அது ராத்திரி பூரா சாகும், நீயும் தூங்கமாட்டே." ஜூன் முடிவில் மச்சான் மகள், அதாவது என் மருமகள், நூறு மீட்டரில் மூன்று தோட்டாவை ஒரு சாயா கோப்பைக்குள் வைத்துவிடுவாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஜூன் கடைசி வாரம் மச்சானுக்கு முழங்கால் ஆபரேஷன். அவர் வழக்கமாகப் போகும் பண்ணையும் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் முகம் வாடிப்போனது. ஆடி பிறந்துவிட்டால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வரை எங்கள் வீட்டில் இறைச்சி நுழையாது. பள்ளிக்கூட லீவும் முடிந்துவிடும். எனவே ஆடிக்கு முன் ஒரு வார இறுதிதான் மிச்சம். அவசரப்படுகிறவனைத் தேடி ஏமாற்றுக்காரன் வருவான் என்று சும்மாவா சொன்னார்கள். போனில் ஒரு விளம்பரம் வந்து சேர்ந்தது. பிள்ளைகளின் முதல் வேட்டை, இரண்டு ராத்திரி, ஆளுக்கு ஒரு இம்பாலா கடா, துப்பாக்கி, லைசென்ஸ் உள்ள கைடு, இறைச்சி வெட்டித் தருவது எல்லாம் சேர்த்து 16,000 ராண்ட். பாதி முன்பணம். "ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது" என்றார் போனில் பேசியவர். எட்டாயிரத்தை அன்றே அனுப்பினேன்.

மச்சானின் துப்பாக்கியை ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்பீர்கள். இங்கே துப்பாக்கி லைசென்ஸ் வாங்க 21 வயது ஆக வேண்டும். அதற்குக் கீழே உள்ள பிள்ளை சுடலாம், ஆனால் லைசென்ஸ்காரர் பக்கத்திலேயே நின்று கண்காணிக்க வேண்டும். மச்சான் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்க, அவர் துப்பாக்கியை என் காரில் போட்டுக்கொண்டு போனால் நான் குற்றவாளி. அதனால்தான் பண்ணைத் துப்பாக்கி.

N2 சாலையில் வடக்கே, ம்கூஸே தாண்டி உள்ளே போகிற இடம். லெபோம்போ மலை நீலமாகத் தெரியும், சுற்றிலும் முள் மரம். பண்ணைப் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் பெயரை மாற்றிக்கொள்வார்கள், வழி மாறாது.

போய்ச் சேர்ந்தபோது போனில் பேசிய லானி அங்கே இல்லை. (டர்பன்காரர்களுக்கு விளங்கும், மற்றவர்கள் பெரிய மனுஷன், முதலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒரு பையனைக் கைடு என்று அறிமுகப்படுத்தினார்கள். துப்பாக்கி லைசென்ஸ் கார்டைக் காட்டச் சொன்னேன். "அது பாஸ் பெயரில், பாஸ் ஊருக்குப் போயிருக்கிறார்" என்றான். அந்த நிமிஷமே காரைத் திருப்பியிருக்க வேண்டும். மேலே எழுதிய சட்டத்தைத் தெரிந்து வைத்திருந்தவன் நான்தான். ஆனால் நாலு மணி நேரத்துக்கு மேல் காரோட்டி வந்த களைப்பு, பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள், கட்டிய காசு. வாயை மூடிக்கொண்டேன். இது என் தப்பு, அவர்கள் தலையில் கட்டமாட்டேன்.

அட்டையில் இரண்டு தோட்டா சுட்டுப் பார்க்கலாமா என்று மருமகள்தான் கேட்டாள். எங்கே போனாலும் முதலில் அதைச் செய் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். "நேற்றுத்தான் பார்த்தோம், நேராகச் சுடுகிறது. சத்தம் கேட்டால் மான் ஓடிவிடும்" என்றான் கைடு. சரி என்று விட்டேன்.

மறுநாள் விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். தடம் பார்க்கிற பெரியவர் ஒருவர் முன்னால் போனார். ஜூலுக்காரர், நாங்கள் பாபா என்று கூப்பிட்டோம். அவர் கையை உயர்த்தினார். எண்பது மீட்டர் தூரத்தில் ஒரு கடா, தலை எங்களுக்கு இடப்பக்கம், பக்கவாட்டில் அசையாமல் நின்றது. வலது கொம்பின் நுனி உடைந்திருந்தது. மருமகள் மூன்று கால் குச்சியில் துப்பாக்கியை வைத்தாள், மூச்சை விட்டாள், சுட்டாள். மான் துள்ளவில்லை, முதுகைக் கூனிக்கொண்டு நடந்தது. அதைப் பார்த்ததும் பாபா கண்ணை மூடிக்கொண்டார். வயிற்றில் பட்ட மிருகம்தான் அப்படிக் கூனும்.

நின்ற இடத்தில் இருந்த ரத்தமும் அதையே சொன்னது. நெஞ்சில் பட்டால் இளஞ்சிவப்பாக நுரையோடு இருக்கும் என்று மச்சான் சொல்லியிருக்கிறார். இது கறுப்பாக, பச்சையாக ஏதோ கலந்து புல்லில் ஒட்டியிருந்தது. இப்படிப் பட்டால் உடனே துரத்தக் கூடாது. விட்டுவிட்டுக் காத்திருந்தால் அது பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும், விரட்டினால் போய்க்கொண்டே இருக்கும். கைடு உடனே விரட்டினான். நாற்பது நிமிஷம் தேடிவிட்டு, பத்து மணிக்கு அடுத்த கோஷ்டி வருகிறது என்று திரும்பிவிட்டான். "அடிபட்டது கிடைக்காவிட்டாலும் காசு காசுதான்" என்றான். அது உண்மை, இந்த நாட்டில் எந்தப் பண்ணையிலும் அதுதான் வழக்கம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த வழக்கம் இருப்பதால்தான் தேடவேண்டிய கடமையும் இருக்கிறது. மருமகள் அழவில்லை. "நான் சரியாத்தான் வச்சேன் மாமா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மத்தியானம் நான் விடவில்லை. பழைய அட்டைப் பெட்டியில் கரியால் ஒரு புள்ளி வைத்து, ஐம்பது காலடி எடுத்து வைத்து நின்று, அவளையே மூன்று தோட்டா சுடச் சொன்னேன். மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. புள்ளியிலிருந்து முழுசாக ஒரு சாண் வலப்பக்கம். காலையில் மானின் வயிறு எந்தப் பக்கம் இருந்தது? வலப்பக்கம். எண்பது மீட்டருக்கு அந்த ஒரு சாண் ஒன்றரைச் சாணாகும். துப்பாக்கியை வாங்கிப் பார்த்தேன். ஸ்கோப்பைப் பிடித்திருந்த முன் வளையத்தில் ஒரு ஸ்க்ரூவின் தலையில் துரு. அதற்கு எதிரில் இருந்ததை என் கட்டைவிரல் நகத்தால் திருக முடிந்தது. அரைச் சுற்று. என் பையனை அந்தத் துப்பாக்கியால் சுடவே விடவில்லை.

ஞாயிறு காலை கிளம்பும் முன் பையன் தண்ணீர் கேட்டான் என்று பின்பக்கம் போனேன். கோல்ட் ரூம் (குளிர் அறை) கதவு திறந்திருந்தது. ஐந்து இம்பாலா தொங்கின, தோல் உரிக்காமல், தலையோடு. மூன்றாவதின் வலது கொம்பு நுனி உடைந்திருந்தது. இடது விலாவுக்குப் பின்னால், வயிற்றில் ஒரு ஓட்டை. காலில் கட்டியிருந்த அட்டையில் பத்து மணிக்கு வந்த கோஷ்டியின் பெயர். மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தாள். கைடைக் கேட்டால் "கொம்பு உடைந்த கடா எத்தனையோ உண்டு" என்கிறான். பாபா வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சோறு அங்கேதான், அவரை நான் எதுவும் கேட்கவில்லை. போனில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

பில் வந்தது. மீதி 8,000. அதற்கு மேல் துப்பாக்கி வாடகை இரண்டு நாளுக்கு 1,200, தோட்டா நாலுக்கு 240, தேடிய கூலி 1,500, கோல்ட் ரூம் 400. அப்புறம் "முதல் வேட்டைச் சடங்கு" 350. முதன்முதலில் மிருகம் வீழ்த்தினவரின் முகத்தில் அதன் ரத்தத்தைப் பூசுவது இங்கே ஒரு வழக்கம். கூட வந்தவர்கள் சிரித்துக்கொண்டு பூசிவிடுவது, காசுக்குச் செய்வதல்ல. எங்களுக்கு மிருகமே கிடைக்கவில்லை, சடங்குக்கு மட்டும் பில். எல்லாவற்றின் மேலும் 15 சதவீதம் வாட், 1,753.50 ராண்ட். இரண்டாவது இம்பாலாவைச் சுடாமல் விட்டது என் விருப்பமாம், அதனால் காசு திரும்பாது. பக்கி (பிக்கப் வண்டி) ஒன்றைக் குறுக்கே நிறுத்தி கேட்டை அடைத்திருந்தார்கள். மொத்தமாக 13,443.50 கட்டிவிட்டு வெளியே வந்தேன். கையில் ஒரு கிலோ இறைச்சிகூட இல்லை.

வீட்டில் மச்சான் அந்த விளம்பரப் போட்டோவைப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருக்கும் பையன், பக்கத்தில் நீட்டுக் கொம்போடு ஜெம்ஸ்பாக் மான், பின்னால் சிவப்பு மணல் மேடு. "மாப்பிள்ளை, இது கலஹாரி மண்ணு. நம்ம நேட்டால்ல இந்த மண்ணு ஏது? முதல்லயே எனக்குக் காட்டியிருக்கலாமே." காட்டியிருக்கலாம்தான். ஆபரேஷன் ஆன மனுஷனைத் தொந்தரவு பண்ணவேண்டாம் என்று நினைத்தேன்.

பில்லையும் அவர்தான் படித்தார். வாட் பதிவு எண் இல்லை. இங்கே அந்த எண் 4-இல் தொடங்கும், பத்து இலக்கம் இருக்கும். பதிவு இல்லாதவர் வாட் வாங்கவே கூடாது. பதிவு இருந்தாலும் சொன்ன விலைக்குள்ளேயே அது அடங்கியிருக்க வேண்டும், கடைசியில் மேலே ஏற்றக் கூடாது. பண்ணைக்காரரின் எழுத்து அனுமதியும் எங்களுக்குத் தரப்படவில்லை. இறைச்சி கிடைத்திருந்தால் அதற்கும் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும், வழியில் போலீஸ் கேட்டால் காட்ட. அது இல்லாமல் ஐஸ் பெட்டியோடு N2-வில் வந்திருந்தால் திருட்டு மான் என்று நின்றிருப்போம். ஊரிலிருந்து தம்பி மகன், அக்கா மகன் என்று யாரையாவது கூட்டிப்போகிறவர்களுக்கு இன்னும் கட்டுப்பாடு உண்டு. வெளிநாட்டுக்காரர் வேட்டையாட வேண்டுமென்றால் மாகாண லைசென்ஸ் உள்ள தொழில்முறை வேட்டைக்காரர் கூடவே இருக்க வேண்டும். எங்களுக்குக் கொடுத்த பையனைப் போன்றவனோடு போனால் மாட்டுவது விருந்தாளி.

சிறு வழக்கு நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறது, 20,000 ராண்ட் வரை. வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் விடமாட்டார்கள். முதலில் 14 நாள் கெடு கொடுத்துப் பணம் கேட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும். விலைப்பட்டியலுக்கு மேல் வாங்கிய 5,443.50, சுடாத இம்பாலாவுக்கு அவர்கள் பட்டியலில் இருந்த 2,400, இரண்டையும் கேட்டு அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள், ஒரு வார்த்தைகூட இல்லாமல், 2,400 கணக்கில் வந்து விழுந்தது. மீதிக்கு டர்பன் நீதிமன்றத்தில் மனு கொடுத்துவிட்டேன், தேதி அடுத்த மாதம். கொம்பு உடைந்த கடாவின் போட்டோவைப் பெரிதாக அச்சுப் போட்டு வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு மச்சான் ஊன்றுகோலோடு சுடுதளத்துக்குக் கிளம்பினார். மருமகள் இரண்டு மாதமாக வரமாட்டேன் என்றவள், அன்றைக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அப்பா துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் சுடவில்லை. மேசையில் படுக்க வைத்து, ஸ்கோப் வளையத்தின் ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் நகத்தால் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.