ஒரே மஹோம்ஸ், இரண்டு சூப்பர் பவுல்

2021 சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து லீக்கின் இறுதிப் போட்டி): கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் வழக்கமான டேக்கிள்கள் (தடுப்பு வரிசையின் இரு ஓரங்களில் நிற்பவர்கள்) இருவரும் காயத்தால் வெளியே. பந்து எறிபவரைக் காக்க ஒட்டுப்போட்ட தடுப்பு வரிசையை எதிரணி டாம்பா பே பிய்த்து எறிந்தது. பந்து கைக்கு வந்ததுமே சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பேட்ரிக் மஹோம்ஸ் பின்வாங்கி ஓட வேண்டியிருந்தது. பல பந்துகளை விழுந்துகொண்டேதான் எறிந்தார். 3 சாக் (எறியும் முன்பே வீழ்த்தப்படுவது), 2 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது), டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) ஒன்றுகூட இல்லை. 31-9 தோல்வி. திட்டு மட்டும் அவருக்கு!

2023: தடுப்பு வரிசை ஐவரில் நால்வர் புதியவர்கள். எதிரே, அந்த சீசனில் 70 சாக் எடுத்த ஃபிலடெல்ஃபியா. மஹோம்ஸுக்குக் கணுக்கால் வலி வேறு. ஆனாலும் ஒரு சாக்கூட இல்லை. பந்தைப் பிடிக்கும் ரிசீவர் எதிரணியின் காவலிலிருந்து விடுபடும்வரை நிதானமாக நிற்க முடிந்தது. 3 டச்டவுன் பாஸ், 38-35 வெற்றி. சரி, அன்று அவரை வீழ்த்தப் பாய்ந்தவர்களுக்கு மைதானம் வழுக்கியதும் கொஞ்சம் உதவியிருக்கலாம்.