8,260 ரூபாய் கட்டியும் டொமைன் எங்கள் பெயரில் இல்லை

டொமைன் (இணையதளப் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்), மின்னஞ்சல் ஃபார்வர்டிங் (அந்தப் பெயருக்கு வரும் மெயிலை நம் வழக்கமான மெயில் பெட்டிக்குத் திருப்பிவிடுவது) மூன்றையும் மலிவாகச் சேர்த்துத் தருவதாக விளம்பரம் செய்யும் இடைத்தரகு நிறுவனம் ஒன்றிடம் 8,260 ரூபாயைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் எழுதுகிறேன். கோத்தகிரியில் எங்களைப் போல ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் தயவுசெய்து படிக்கவும்.

மூன்று ஆண்டுகளுக்கு 7,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,260 ரூபாய் என்றார்கள். போனில் பேசிய இளைஞர், "நான் மேட்டுப்பாளையம்தான் சார், மாமா வீடு கட்டபெட்டுல இருக்கு, நம்ம ஊர்க்காரங்களுக்கு நானே கூட இருந்து முடிச்சுத் தர்றேன்" என்று சொன்னார். மாமா வீடு வரை சொல்பவரை யார் சந்தேகிப்பார்கள்? அவர் லைனில் இருக்கும்போதே பணம் அனுப்பினேன். உடனே வாட்ஸ்அப்பில் பில் வந்தது, ஜி.எஸ்.டி. வசூலித்த அந்தப் பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணுக்கு உரிய இடத்தில் வெறும் கோடுதான் இருந்தது.

சீசன் தொடங்கியதும் சிக்கலும் தொடங்கியது. குன்னூர் சிம்ஸ் பூங்கா பழக்கண்காட்சிக்காக அறை கேட்டு எழுதிய கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று, மெயில் திரும்பி வந்துவிட்டது என்று போனில் சொன்ன பிறகே விஷயம் தெரிந்தது. ஒரு டொமைனின் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்பதை அதன் எஸ்.பி.எஃப். பதிவு சொல்கிறது, ஃபார்வர்டு செய்யும் சர்வர் அந்தப் பட்டியலில் இருக்காது என்பதால், எஸ்.ஆர்.எஸ். என்ற முறைப்படி உறை முகவரியை (அனுப்பியவர் யார் என்று சர்வர்கள் பார்க்கும் முகவரி) தன் டொமைனுக்கு மாற்றி எழுதாமல் அப்படியே தள்ளிவிட்டால், போய்ச்சேரும் இடத்தில் அந்த மெயில் போலி என்று நிராகரிக்கப்படவோ ஸ்பாமில் விழவோ வாய்ப்பு அதிகம். இதைச் செய்து தரத்தானே காசு வாங்கினார்கள்!

கேட்டபோது, முதலில் டி.என்.எஸ். (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) மாற்றம் பரவ 48 மணி நேரம் ஆகும் என்றார்கள். அது கடந்த பின் டிக்கெட் (புகார்ப் பதிவு) போடச் சொன்னார்கள். போட்ட டிக்கெட் "தீர்க்கப்பட்டது" என்று தானாக மூடிக்கொண்டது. கடைசியாக, "உங்க மலையில நெட்வொர்க் சரியில்ல சார்" என்றார்கள். மெயில் திரும்பியது கோயம்புத்தூருக்கு. இதில் எங்கள் மலை நெட்வொர்க் என்ன செய்தது? மேட்டுப்பாளையத்துத் தம்பி இப்போது போனையே எடுப்பதில்லை.

வேறு இடத்துக்கு மாறலாம் என்று ஹூயிஸ் (டொமைன் யார் பெயரில், எதுவரை பதிவாகியிருக்கிறது என்று காட்டும் தேடல்) பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. மூன்று ஆண்டுக்கு வாங்கிய 8,260 ரூபாயில் டொமைனை ஓராண்டுக்கு மட்டுமே பதிந்திருக்கிறார்கள், அதுவும் தங்கள் நிறுவனத்தின் பெயரில். டாட் காம் டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கான ரகசியக் குறியீடான ஆத் கோடைக் கேட்ட 5 நாளுக்குள் தர வேண்டும் என்று, டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பான ஐகானின் விதி இருக்கிறது. ஆனால் அந்த உரிமை பதிவில் உள்ள உரிமையாளருக்குத்தான், ஆவணப்படி அது நாங்கள் இல்லை. ஆத் கோடு வேண்டுமென்றால் தனியாக 2,500 ரூபாய் கட்டு என்கிறார்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பணம் கட்டிய அன்றே ஹூயிஸில் பெயரையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். டொமைனை ஓரிடத்திலும் ஹோஸ்டிங்கை வேறிடத்திலும் வாங்குங்கள். முதலாண்டு விலையை விட்டுவிட்டுப் புதுப்பிப்பு விலையைக் கேளுங்கள். ஃபார்வர்டிங்கில் எஸ்.ஆர்.எஸ். உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் கொடுத்துவிட்டேன், 8,260 ரூபாய் இன்னும் வரவில்லை.