பத்து கிலோவாட் ஊர் மின்நிலையம்: மோட்டரா, ஆல்டர்னேட்டரா?

ஓடை நீரில் ஊருக்கு மின்சாரம் எடுக்கும் சிறு நிலையத்தில் அணைக்கட்டு, வாய்க்கால், குழாய், வாளிகளில் நீர் பாய்ந்து சுழலும் பெல்டன் சக்கரம் வரை பெரிய வாக்குவாதம் வராது. சக்கரத்தின் அச்சில் எதைப் பூட்டுவது என்பதில்தான் சங்கக் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் சாதாரண மூன்று கட்டத் (த்ரீ ஃபேஸ்) தூண்டல் மோட்டர். அதற்குக் கப்பாசிட்டர் கட்டி மின்பிறப்பாக்கியாக ஓட்டலாம். மறுபக்கம் மின்சாரம் பிறப்பிக்கவென்றே செய்த ஆல்டர்னேட்டர். இலங்கையில் இரத்தினபுரி, கேகாலை, தெனியாயப் பக்கங்களில் மின் நுகர்வோர் சங்கங்கள் நடத்தும் அளவிலான நிலையம் என்றால் நம் சாய்வு மோட்டர் பக்கம். மறைக்க ஒன்றுமில்லை.

கணக்குக்கு ஓர் ஓடையை எடுத்துக்கொள்வோம். 50 மீட்டர் வீழ்ச்சி, விநாடிக்கு 40 லீட்டர் நீர். குழாய், சக்கரம், மின்பிறப்பாக்கி எல்லாவற்றின் இழப்பும் போக பாதி மிஞ்சும் என்று வைத்தால் 10 கிலோவாட் வரும். வீட்டுக்கு 200 வாட் வீதம் 45 வீட்டுக்குக் கொடுத்தாலும் கொஞ்சம் மீதம் இருக்கும்.

விலையில் மோட்டர் மலிவு. செயல்திறனில் ஆல்டர்னேட்டர் கொஞ்சம் மேல். மழைக்காலத்தில் தண்ணீர் வழிந்து வீணாகப் போகிற இடத்தில் அந்தக் கொஞ்சத்தை யாரும் எண்ணப் போவதில்லை. இவை இரண்டும் முடிவைத் தீர்மானிப்பவை அல்ல.

தீர்மானிப்பது பழுது. மோட்டருக்குள் இருப்பவை செப்புக் கம்பிச் சுற்றான ஒரு வைண்டிங், ஒரு கூண்டுச் சுழலி, இரண்டு பெயரிங். சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு இல்லை, டயோட் இல்லை. வைண்டிங் எரிந்தால் ஹட்டனிலோ பதுளையிலோ இரத்தினபுரியிலோ மோட்டர் கட்டும் கடையில் கொடுத்துத் திரும்பக் கட்டலாம். 6309 போன்ற பொது அளவுப் பெயரிங் எளிதில் கிடைக்கும். ஆல்டர்னேட்டர் அப்படியல்ல. மலிவான வகையில் கரித்துண்டு தேயும், அது உரசும் சறுக்கு வளையம் குழி விழும். கரித்துண்டு இல்லாத வகையில் சுழலும் டயோட் இருக்கிறது. அது போய்விட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கவே பின்மூடியைக் கழற்ற வேண்டும். வோல்ட்டை நிலைநிறுத்தும் பலகை இடியில் போனால் ஊர் முழுக்க இருட்டு. அந்தப் பலகை கொழும்பிலிருந்து வந்து சேரும்வரை குப்பி விளக்குத்தான்.

மோட்டருக்கும் வோல்ட்டை நிலைநிறுத்த ஓர் எலக்ட்ரானிக் கட்டுப்படுத்தி உண்டு, அதுவும் இடியில் போகும். வித்தியாசம் என்னவென்றால், அது போன பிறகும் ஆபரேட்டர் மின்சுமையை மாறாமல் வைத்து, சக்கரத்துக்கு நீர் பீச்சும் முனைவால்வைக் கையால் திருகி, மாலை ஆறிலிருந்து பத்து மணிவரை ஓட்டிவிடலாம். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேகம் கட்டுமீறுவதையும் இதே கணக்கில் பார்க்க வேண்டும். கம்பி அறுந்து சுமை முழுவதும் போனால் பெல்டன் சக்கரம் ஏறக்குறைய 1.8 மடங்கு வேகத்துக்குப் பாயும். நிமிடத்துக்கு 1500 சுற்று 2700 ஆகிவிடும். நான்கு துருவ மோட்டரின் கூண்டு இதைத் தாங்கும். ஆல்டர்னேட்டரின் செப்புச் சுற்றுகளும் டயோட்களும் எவ்வளவு வேகத்துக்குச் செய்தவை என்று வாங்கும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பல மாதிரிகளுக்கு எல்லை 1.2 மடங்குதான்.

மோட்டர் வாங்குவதில் தவறு நடக்கும் இடங்கள் இவை. மூன்று கட்ட மோட்டரிலிருந்து ஊருக்கு ஒற்றைக் கட்ட மின்சாரம் எடுக்கும்போது பெயர்ப்பலகையில் உள்ள சக்தியில் 80 வீதத்தையே நம்பலாம். ஆகவே 10 கிலோவாட் வேண்டுமென்றால் 11 அல்ல, 15 வாங்க வேண்டும். நான்கு கிலோவாட்டுக்கு மேற்பட்ட மோட்டர்கள் பெரும்பாலும் 400 வோல்ட் டெல்டாவாகவே (மூன்று சுற்றுகளும் முக்கோணமாக இணைந்த வகை) வரும். 230 வோல்ட் டெல்டா வேண்டுமென்று சொல்லி, வாங்கிய கையோடு வைண்டிங்கை மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். வேகமும் முக்கியம். 1440 என்று எழுதிய மோட்டர் மின்பிறப்பாக்கியாக 1560 அளவில் சுற்ற வேண்டும். 50 மீட்டர் வீழ்ச்சியில் நேரடியாகப் பூட்டினால் சக்கரத்தின் வாளி வட்டம் சுமார் 17 சென்றிமீட்டர் விட்டத்துக்கு வரும். பட்டி போடும் தொல்லையே இல்லை.

கப்பாசிட்டர் கணக்கு. 230 வோல்ட் டெல்டாவில் சுமையின்றி 20 ஆம்பியர் இழுக்கும் மோட்டருக்கு ஒரு கட்டத்தில் 160 மைக்ரோஃபரட், இன்னொன்றில் அதன் இரு மடங்கு 320, மூன்றாவதில் ஒன்றும் இல்லை. ஊருக்குப் போகும் கம்பி 160 உள்ள கட்டத்திலிருந்து. 40 மைக்ரோஃபரட், 450 வோல்ட், மோட்டர் ஓடும்போது சேர்ந்தே நிற்கும் ‘ரன்’ வகைக் கப்பாசிட்டர் 12 வாங்கினால் அடிக்கணக்கு முடியும். முழுச் சுமையில் வோல்ட் தொய்ந்தால் இன்னும் ஒன்றிரண்டு சேர்க்க இடம் விட்டு வையுங்கள். ஸ்டார்ட் கப்பாசிட்டர் வேண்டாம், வெடிக்கும். 320ஐத் தவறான கட்டத்தில் போட்டால் ஒரு கட்டத்தில் மட்டும் ஆம்பியர் எகிறி மோட்டர் சூடேறும். சுழலும் திசைக்கு ஏற்பக் கட்டத்தை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். பிரேக்கரை மோட்டருக்கும் கப்பாசிட்டருக்கும் நடுவில் வையுங்கள். வேகம் எகிறினால் கப்பாசிட்டர் ஆம்பியரும் எகிறி, பிரேக்கர் விழுந்து, காந்தக் கிளர்ச்சி அற்று மின்சாரம் நின்றுவிடும். கப்பாசிட்டரின் குறுக்கே, தேங்கிய மின்சாரத்தை வடியவிடும் ரெசிஸ்டர் இல்லாவிட்டால், நின்ற இயந்திரத்தைத் தொட்டவருக்கும் அடிக்கும்.

என்றாவது ஒரு நாள் இயந்திரம் சுற்றினாலும் வோல்ட் வராது. பயப்பட வேண்டாம். சுமை பூட்டியபடி தொடங்கியிருப்பார்கள், அல்லது கம்பியில் ஷோர்ட் ஆகி எஞ்சிய காந்தம் போயிருக்கும். இயந்திரத்தை நிறுத்தி, 12 வோல்ட் பேட்டரியை இரண்டு முனையில் சில விநாடி தொட்டு எடுத்து, சுமையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

ஆல்டர்னேட்டர் நிச்சயமாக வெல்லும் இடம் ஒன்று உண்டு: நெல் குத்தும் ஆலை, மரம் அறுக்கும் பட்டறை. அங்குள்ள மோட்டர் தொடங்கும் நொடியில் எடுக்கும் ஆம்பியரைத் தூண்டல் மின்பிறப்பாக்கி தாங்காது, வோல்ட் சரிந்து ஊரே அணைந்துவிடும். மின்பிறப்பாக்கியின் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மோட்டரை நேராகப் பூட்டுவதற்குப் பெரிதும் தயங்க வேண்டும். இருபது கிலோவாட்டைத் தாண்டிய நிலையத்துக்கும் இங்கே சொன்ன சாய்வை அப்படியே நீட்ட மனம் வராது. அங்கே ஆல்டர்னேட்டருக்கு ஆதரவாக நியாயங்கள் கூடும்.

கடைசியாக, தேசிய மின்கம்பி ஊருக்குள் வந்துவிட்டால்? பல சங்கங்கள் அன்றோடு நின்றுபோயின. தொடர்ந்து ஓட்டித் தேசிய மின்கட்டமைப்புக்கு விற்க அனுமதி கிடைக்குமானால், தூண்டல் இயந்திரத்துக்கு அதிர்வெண் பொருத்தும் கருவி வேண்டாம். வேகம் நெருங்கியதும் சேர்த்துவிடலாம், காந்தக் கிளர்ச்சி கம்பியிலிருந்தே வரும். ஆனால் கம்பி அறுந்தவுடன் விலகும் பாதுகாப்பு ரிலே கட்டாயம், அதன் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் மோட்டரை மோட்டராகவே மர ஆலைக்காரருக்கு விற்றுவிடலாம். பழைய ஆல்டர்னேட்டரை வாங்க அந்த மலையில் ஆள் தேட வேண்டியிருக்கும்.