பாறை நாட்டிலிருந்து எண்ணெய்த் தரவு: தேசியக் களஞ்சியங்களைப் பல வருடம் பயன்படுத்தியதில் கண்டது

கோயமுத்தூர், ஈரோடு, சேலம் பக்கம் எத்தனை அடி துளைத்தாலும் எண்ணெய் வராது. காலுக்கடியில் கிடப்பது நைஸ், சார்னோக்கைட் மாதிரியான பழைய கெட்டிப் பாறை. வண்டல் படுகை வேண்டுமென்றால் கிழக்கே அரியலூர் பக்கம் போக வேண்டும். ஆனாலும் நிலவியல் படித்துவிட்டு, எண்ணெய் வயலை நேரில் பார்க்காமலே அதன் தரவைச் சுத்தம் செய்து கொடுப்பவர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். இந்தப் பகிர்வு அந்த வேலையில் இருப்பவர்களுக்கும், அதற்கு வர நினைக்கும் மாணவர்களுக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எண்ணெய்த் தேடல் தரவைச் சேர்த்து வைக்கும் ஒரு களஞ்சியத்தில் எத்தனை டெராபைட் இருக்கிறது என்று நாங்கள் கேட்பதை விட்டு வெகுகாலம் ஆகிறது. இந்த அளவு எந்த இடத்தில், எந்த மட்டத்திலிருந்து, எந்த அலகில் எடுத்தது என்ற விவரம் கூடவே வருகிறதா என்றுதான் பார்க்கிறோம். எண் தப்பாக இருந்தால் திருத்தலாம். அந்த விவரம் தொலைந்துபோனால் பல கோடி செலவில் எடுத்த சீஸ்மிக் கோடும் (நிலத்துக்குள் அதிர்வலை அனுப்பி, எதிரொலியைப் பதிந்து எடுக்கும் குறுக்குவெட்டு) வெறும் படம்தான்.

இந்தியாவில் இந்த விஷயம் இன்னும் முக்கியமாவதற்குக் காரணம் உண்டு. முன்பு எண்ணெய் தேடும் பிளாக்கின் எல்லையை அரசே வரைந்து ஏலம் விட்டது. 2016-இல் வந்த ஹெல்ப் எனும் எண்ணெய்த் தேடல் உரிமக் கொள்கையில் ஓஏஎல்பி என்ற திறந்த பரப்பு முறை சேர்ந்தது. இதில் நிறுவனமே பரப்பைத் தேர்ந்தெடுத்து விருப்ப மனு கொடுக்கலாம். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? அதற்குத்தான் டிஜிஎச் எனும் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகத்தின் கீழ் நொய்டாவில் என்டிஆர் எனும் தேசியத் தரவுக் களஞ்சியம் 2017 ஜூன் 28 அன்று தொடங்கப்பட்டது. நாட்டின் 26 வண்டல் படுகைகள், சுமார் 33.6 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் சரியாக ஆராயப்படாத பகுதிகளுக்காக தேசிய சீஸ்மிக் திட்டத்தில் 48,243 கிலோமீட்டர் 2டி கோடுகள் திட்டமிடப்பட்டன.

கையைப் பழக்க வெளிநாட்டுத் திறந்த களஞ்சியங்கள்தான் வசதி. நார்வேயின் தேசியக் களஞ்சியமான டிஸ்கோஸ் 1995 முதல் ஓடுகிறது. அந்நாட்டு எண்ணெய்த் துறை இயக்ககம் தனியாக நடத்தும் ஃபேக்ட்பேஜஸ் பக்கத்தை எங்கள் பட்டியலில் முதலிடத்தில் வைப்போம். ஒரு கிணற்றுக்கு ஒரு பக்கம். ஆயத்தொலைவு, அதன் டேட்டம் (ஆயத்தொலைவை எந்தப் பூமி மாதிரியை வைத்து அளந்தது என்பது) இடி50 என்ற குறிப்பு, கெல்லி புஷிங் உயரம் (ஆழத்தை எண்ணத் தொடங்கும் ரிக் மேடைப் புள்ளியின் உயரம்), மொத்த ஆழம், துளைத்த தேதி, எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். அட்டவணையாகவும் இறக்கலாம். நெதர்லாந்தின் என்லாக் தளத்தில் ஐந்து வருட ரகசியக் காலம் முடிந்த தரவு வெளியாகிறது. கிணற்று அறிக்கைகள் நிறைய உண்டு, பழையவை டச்சு மொழியில் இருக்கும் என்பது ஒன்றுதான் தலைவலி. பயிற்சிக்கு ஈக்வினார் 2018-இல் வெளியிட்ட வோல்வே வயல் தொகுப்பு போதும், சுமார் 40,000 கோப்புகள். ஒரு சின்னத் தொல்லை: நார்வேயில் கிணற்றுப் பெயரில் சாய்கோடு வரும். கோப்புப் பெயரில் சாய்கோடு வைக்க முடியாது என்பதால் 15/9 என்பது 15_9 ஆகிவிடும். இரண்டு அட்டவணையைப் பெயரை வைத்து இணைத்தால் ஒன்றுகூட பொருந்தாது. பெயருக்கு ஒரு மாற்றுப்பெயர் அட்டவணை முதல் நாளே போட்டு வையுங்கள். இந்தியத் தரவிலும் ஒரே கிணறு மூன்று சுருக்கெழுத்தில் வரும் என்பதால் அந்தப் பழக்கம் வீணாகாது.

இனி சீஸ்மிக். சீஸ்மிக் தரவை வைக்கும் செக்-ஒய் கோப்பு வடிவம் 1975-இல் டேப் காலத்தில் வந்தது, இன்றும் அதுதான் ஆட்சி செய்கிறது. முதல் 3200 பைட் எழுத்துத் தலைப்பு, வரிக்கு 80 எழுத்தாக 40 வரி. அதை நோட்பேடில் திறந்தால் குப்பையாகவும் இடையிடையே @ குறி வரிசையாகவும் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீங்க. எப்சிடிக் எனும் பழைய ஐபிஎம் எழுத்துக் குறியீட்டில் காலியிடம்தான் அப்படி @ ஆகத் தெரிகிறது. அடுத்து 400 பைட் இருமத் தலைப்பு. அதில் 3217-ஆவது பைட்டில் மாதிரி இடைவெளி மைக்ரோவினாடியில் இருக்கும், 4 மில்லிவினாடி என்றால் 4000. 3221-இல் ஒரு டிரேஸுக்கு (ஓர் இடத்தில் பதிந்த ஒரு அலைவரிக்கு) எத்தனை மாதிரி என்பது. 3225-இல் எண் வடிவம்.

இந்தக் கடைசி எண் பலரைக் கவிழ்க்கும். 1 என்றால் ஐபிஎம் ஃப்ளோட், 5 என்றால் ஐட்ரிபிள்ஈ ஃப்ளோட், இரண்டும் தசம எண்ணைச் சேமிக்கும் வெவ்வேறு முறைகள். ஒன்றை மற்றதாகப் படித்தாலும் திரையில் அடுக்குகள் அடுக்குகளாகவே தெரியும், மடிப்பும் பிளவும் இடம் மாறாது. அலையின் வீச்சு மட்டும் கோணலாகியிருக்கும். கண்ணால் பார்த்துச் சரி என்று அனுப்பிய கோப்பு, வீச்சை வைத்து வாயு தேடும் கட்டத்தில் காலை வாரும். தலைப்பில் 5 என்று எழுதி உள்ளே ஐபிஎம் எண் வைத்த கோப்புகளும் சுற்றுகின்றன. ஆகவே வீச்சின் பரவல் வரைபடத்தைப் போட்டுப் பாருங்கள். பூஜ்யத்தின் இருபுறமும் சமமாக, மணி வடிவில் சரிய வேண்டும். படிப்படியாக வெட்டு விழுந்திருந்தால் வடிவம் தப்பு.

இறக்கம் பாதியில் அறுந்ததா என்று கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று. கோப்பின் அளவில் 3600-ஐக் கழித்து, 240 கூட்டல் மாதிரி எண்ணிக்கை பெருக்கல் 4 என்பதால் வகுக்கவும். மீதி வரக்கூடாது. உதாரணமாக 3டி கட்டத்தில் நீளவாக்கில் 500 இன்லைன், குறுக்கே 1000 கிராஸ்லைன், டிரேஸுக்கு 1500 மாதிரி என்றால் 312,00,03,600 பைட் வர வேண்டும். கூடுதல் எழுத்துத் தலைப்பு சேர்த்த புதிய கோப்புகளில் மட்டும் 3600 மாறும்.

டிரேஸ் தலைப்பு 240 பைட். சிடிபி (அலை எதிரொலித்த பொதுப் புள்ளி) ஆயத்தொலைவு 181, 185-ஆவது பைட்டுகளில், இன்லைன் 189-இல், கிராஸ்லைன் 193-இல் என்று 2002-இல் வந்த திருத்தம் சொல்கிறது. அதற்கு முந்தைய கோப்புகளில் அந்த இடம் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. அவரவர் இஷ்டத்துக்கு 73-இலோ வேறெங்கோ எழுதி வைத்திருப்பார்கள். எழுத்துத் தலைப்பில் அது குறிக்கப்பட்டிருந்தால் பிழைத்தோம். 71-ஆவது பைட்டில் உள்ள பெருக்கி மைனஸ் 100 என்றால் நூறால் வகுக்க வேண்டும். மறந்தால் புள்ளி படத்துக்கு வெளியே ஓடிவிடும். அது நல்ல பிழை, உடனே தெரிந்துவிடும். பழைய 2டி கோடுகளில் ஆயத்தொலைவே இருக்காது, அதிர்வு உண்டாக்கிய இடத்தின் ஷாட் எண் மட்டும் இருக்கும். அப்போது வழிசெலுத்தல் கோப்பு தனியாக வேண்டும், ஷாட் எண்ணுக்கும் சிடிபி எண்ணுக்குமான உறவும் வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றால் கோட்டைப் பட்டியலில் ‘இடம் தெரியாதது’ என்று தனியே வையுங்கள். உத்தேசமாக இடம் கொடுக்க வேண்டாம்.

தெரியாத பிழை டேட்டத்தில்தான் ஒளிந்திருக்கும். பழைய இந்திய வரைபடங்களும் கிணற்று இடங்களும் எவரெஸ்ட் கோளவுரு எனும் பழைய பூமி வடிவக் கணக்கில், கல்யாண்பூர் டேட்டத்தில் இருக்கும். அதை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 என்று நினைத்து ஏற்றினால் நம் பக்கம் சுமார் 200 மீட்டர் தள்ளிப்போகும். 200 மீட்டர் என்பது படத்தில் கண்ணுக்கு உறுத்தாது, ஆனால் கிணறு பிளவின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிடும். க்யூஜிஐஎஸ் எனும் இலவச வரைபட மென்பொருளில் கல்யாண்பூர் 1975-க்கு இபிஎஸ்ஜி (ஆயத்தொலைவு முறைகளின் குறியீட்டு எண்) 4146 கொடுத்து, பிறகு மாற்றுங்கள். கோப்பில் டேட்டம் பெயர் இல்லையென்றால் ரயில் பாதை, ஆற்றுப் பாலம் மாதிரி இடம் மாறாத ஒன்றை வைத்துச் சோதிக்கலாம்.

யுடிஎம் மண்டலத்தைப் பற்றி (பூமியை 6 பாகைப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) கொங்குக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 43-ஐயும் 44-ஐயும் பிரிக்கும் 78 பாகை கிழக்குக் கோடு நம் ஊருக்குள்ளேயே போகிறது. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு 43-இல். கரூர், நாமக்கல், சேலம் 44-இல். கோட்டின் மேலேயே இருக்கும் ஒரு புள்ளிக்குக் கிழக்கு அளவு 43-இல் சுமார் 8,28,000 மீட்டர், 44-இல் சுமார் 1,72,000 மீட்டர். காவிரிப் படுகை முழுவதும் 44. மேற்கிலிருந்து கிழக்கு வரை ஒரே படமாகப் போட வேண்டுமென்றால் இபிஎஸ்ஜி 32644-இலேயே எல்லாவற்றையும் வையுங்கள். கோயமுத்தூர் ஓரத்தில் கிலோமீட்டருக்கு 2 மீட்டர் நீளம் கூடும். வட்டாரப் படத்துக்கு அது தாங்கும், சர்வேக்குத் தாங்காது.

கிணற்று ஆழம் அடுத்த சிக்கல். திருச்செங்கோட்டு போர்வெல் லாரியில் ராடு எண்ணிச் சொல்லும் அடி ஒன்று, பிறகு கயிறு விட்டுப் பார்த்தால் வரும் அடி இன்னொன்று என்பது நம்மூரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எண்ணெய்க் கிணற்றிலும் டிரில்லர் ஆழம் (குழாயை எண்ணியது), லாகர் ஆழம் (அளவுக் கருவியைக் கம்பியில் இறக்கி அளந்தது) என்று அதே இரண்டு கணக்கு, சில மீட்டர் வித்தியாசம் சாதாரணம். வெட்டியெடுத்த பாறைத் தண்டான கோர் மாதிரி டிரில்லர் கணக்கில் வரும், கருவி பதியும் லாக் வளைவு லாகர் கணக்கில் வரும். கோரின் மேல் எடுத்த காமா (இயற்கைக் கதிரியக்க) அளவை லாக் காமாவோடு பொருத்தி நகர்த்தாமல் போரோசிட்டியை (பாறையின் துளை அளவை) ஒப்பிட்டால் மணலுக்குக் களிமண்ணின் எண் போய்விடும். இதோடு ஆழம் ரிக் மேடையிலிருந்தா, தரையிலிருந்தா, கடல் மட்டத்திலிருந்தா என்ற கேள்வி. செங்குத்துக் கிணற்றில் 2000 மீட்டர், கெல்லி புஷிங் உயரம் 12 மீட்டர் என்றால் கடல் மட்டத்துக்குக் கீழே 1988. சாய்வுக் கிணற்றில் சாய்வு அளவீடு இல்லாமல் இந்தக் கழித்தல் செல்லாது. கெல்லி புஷிங் உயரம் கோப்பில் காணோம் என்றால் லாக் தாளின் முகப்புப் பெட்டியைத் தேடுங்கள், பெரும்பாலும் அங்கே கையெழுத்திலாவது இருக்கும்.

லாக் வளைவுகள் வரும் லாஸ் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, அதனால் யாரும் அதை நம்பிவிடுகிறார்கள். இல்லாத மதிப்புக்கு மைனஸ் 999.25 போடுவது வழக்கம். தலைப்பில் அதைச் சொல்லிவிட்டு உள்ளே மைனஸ் 9999 வைத்த கோப்பும் வரும், சராசரி எடுத்தால் நாறிவிடும். அடர்த்தி 2.65 என்றும் வரும், 2650 என்றும் வரும். ஒலி பாறையைக் கடக்கும் நேரத்தைக் காட்டும் சோனிக் வளைவு அடிக்கு மைக்ரோவினாடியா மீட்டருக்கா என்பதில் 3.28 மடங்கு வித்தியாசம். லாஸ்-ஐஓ, டிலிஸ்-ஐஓ, செக்ஒய்-ஐஓ மூன்றும் இலவச பைத்தான் நூலகங்கள், இந்தச் சோதனைகளுக்குப் போதும்.

ஸ்கேன் செய்த பழைய தாள் லாக்குகளுக்கு மட்டும் மென்பொருளை நம்பிப் பயனில்லை, ஆள்தான் உட்கார வேண்டும். தாள் நீண்டும் சுருங்கியும் இருக்கும், 100 மீட்டருக்கு ஒரு ஆழப் புள்ளியாவது பிடித்துக் கட்ட வேண்டும். மின்தடை வளைவு வலது விளிம்பைத் தாண்டினால் இடது விளிம்பில் மறுபடி தொடங்கும். அதைக் குறைந்த மதிப்பு என்று எடுத்துவிட்டால் எண்ணெய் மண்டலம் உப்புநீர் மண்டலமாகிவிடும். நடுவில் அளவுகோல் மாறும் இடத்தையும் கவனியுங்கள். தாளிலிருந்து வெக்டராக்கிய சீஸ்மிக்கில் அலை உச்சிகள் ஏற்கெனவே வெட்டுப்பட்டவை. அமைப்பைப் பார்க்க உதவும், வீச்சுக் கணக்குக்கு ஆகாது என்று கோப்பிலேயே எழுதி வையுங்கள்.

கொங்குப் பாறைக்கும் இந்தத் தொழிலில் ஒரு வேலை இருக்கிறது. காவிரிப் படுகையின் மடானத்தில் ஓஎன்ஜிசி கண்ட எண்ணெய் வண்டலில் இல்லை, அடியில் வெடித்துக் கிடக்கும் பழைய அடித்தளப் பாறையில் இருக்கிறது. அங்கே ஆழத்தில் புதைந்த அந்த இனப் பாறை இங்கே சங்ககிரி, நாமக்கல் பக்கம் வெயிலில் காய்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் தளத்தில் 50,000-க்கு ஒன்று அளவில் பாறை, அமைப்பு அடுக்குகளை இறக்கலாம். 2023 டிசம்பரில் தொடங்கிய என்ஜிடிஆர் எனும் தேசியப் புவியறிவியல் தரவுக் களஞ்சியத் தளமும் உண்டு. பவானி, பாலக்காடு–காவிரி வெட்டு மண்டலங்களின் (பாறை நழுவி நசுங்கிய பட்டைகளின்) திசையை அதில் எடுத்து, குவாரிச் சுவரில் வெடிப்புகளின் திசையையும் இடைவெளியையும் அளந்து ரோஜா வரைபடம் (எந்தத் திசையில் எத்தனை என்று காட்டும் வட்டப் படம்) போட்டால், கிணற்றுச் சுவரைப் படமாக்கும் பட லாக்கில் தெரியும் வெடிப்போடு ஒப்பிட ஒரு அடிப்படை கிடைக்கும். குவாரியில் அளக்கும்போது எபிடோட், கால்சைட் மாதிரி கனிமம் நிரம்பிய இயற்கை வெடிப்பை மட்டும் அட்டவணையின் முதல் பத்தியில் எழுதுங்கள். துளைத்தடத்திலிருந்து விசிறி மாதிரி பிரியும் புது முகங்கள் வெடிவைத்ததில் வந்தவை, அவற்றை விட்டுவிடலாம். இரண்டிலும் சேராததற்குத் தனிப் பத்தி.