கிரேஸ் சாங்கின் இரண்டு படங்கள்: ஒரு டிவிடி தொகுப்பு

ஹாங்காங்கின் மாண்டரின் (சீன மொழி) திரைப்படங்களில் 1950களின் பிற்பகுதியில் கொடிகட்டிப் பறந்த கிரேஸ் சாங் நடித்த 'மாம்போ கேர்ள்' (1957), 'தி வைல்ட், வைல்ட் ரோஸ்' (1960) ஆகிய இரு கறுப்பு வெள்ளைப் படங்களும் அடங்கிய டிவிடி தொகுப்பொன்றைப் பழைய குறுந்தகடுகள் விற்கும் கடையில் வாங்கினேன். கெ லான் என்ற சீனப் பெயரால் அறியப்பட்ட இந்த நடிகைக்காக இதைத் தயங்காமல் வாங்கலாம். தொகுத்தவர்களின் அக்கறையை நம்பி வாங்க வேண்டாம்.

இரண்டுமே, சிங்கப்பூரின் கேத்தே திரைப்பட நிறுவன அதிபர் லோக் வான் தோ 1956இல் ஹாங்காங்கில் நிறுவிய ஸ்டூடியோவின் தயாரிப்புகள். 'மாம்போ கேர்ள்' படத்தின் தொடக்கத்தில் கேமரா முகத்தைத் தேடிப் போவதில்லை. கட்டம் போட்ட கால்சட்டை அணிந்து ஆடும் இரு கால்களையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் ஆடுபவரை முழுதாகக் காட்டுகிறது. தான் வளர்ப்பு மகள் என்பதைத் தனது 20ஆவது பிறந்தநாளில் அறியும் மாணவி, பெற்றவளைத் தேடிப் போய், இரவு விடுதியொன்றின் கழிப்பறைப் பணிப்பெண்ணாக அவளைக் காண்கிறாள். அவளோ தான் தாயல்ல என்று மறுத்துவிடுகிறாள். கதை நாம் பலமுறை கேட்டதுதான், ஆனால் அந்தக் காட்சியில் கிரேஸ் சாங் கண்ணீரை அடக்கிக்கொள்ளும் விதம் பழையதாகத் தெரியவில்லை.

வாங் தியன்லின் இயக்கிய இரண்டாவது படத்தில்தான் கிரேஸ் சாங்கின் முழு ஆற்றலும் வெளிப்படுகிறது. 'கார்மென்' என்ற ஆபராவை (மேற்கத்திய இசைநாடகம்) தழுவிய இக்கதையில் விடுதிப் பாடகியாக வரும் அவர், புதிதாகச் சேர்ந்த பியானோ கலைஞனை மயக்கிக் காட்டுவதாகப் பந்தயம் கட்டி, பின்னர் அவனையே உயிராகக் காதலிக்கிறார். ஜப்பானிய இசையமைப்பாளர் ரியோய்ச்சி ஹட்டோரியின் பாடல்களைப் பின்னணிக் குரல் எதுவுமின்றித் தாமே பாடியிருக்கிறார். அடிவயிற்றிலிருந்து கரகரத்து எழும் குரல் அடுத்த வரியிலேயே ஆபரா பாடகியின் உச்சத்துக்கு ஏறுகிறது.

தொகுப்பின் பெருங்குறையும் இங்குதான். வசனங்களுக்கு ஆங்கில எழுத்து ஓடுகிறது, பாடல்களுக்கு இல்லை. காதல் ஒன்றும் அரிய பொருளல்ல, ஆண்கள் வெறும் பொழுதுபோக்கு என்று அவர் அலட்சியமாகப் பாடும் 'கார்மென்' பாட்டின் பொருள் புரியாவிட்டால், கதாநாயகி பிற்பாடு படும் துயரத்தின் கசப்பும் பாதி தான் எட்டும். சீனம் தெரிந்த நண்பரை அருகில் உட்கார வைத்துத்தான் நான் அதைத் தெரிந்துகொண்டேன். போதாக்குறைக்கு, வெள்ளை உடை திரையை நிறைக்கும் இடங்களில் வெள்ளை எழுத்து கண்ணுக்கே தெரிவதில்லை. ஒலி மட்டும் வயதுக்கு மீறிய தெளிவுடன் இருக்கிறது.

நடிகையைப் பற்றிய குறிப்பேடு எதுவும் பெட்டியில் இல்லை. 1961இல் திருமணம் செய்துகொண்டு 1964இல், புகழ் குன்றாத நிலையிலேயே, அவர் திரையை விட்டு விலகினார் என்பதையும், அதே ஆண்டு ஜூனில் லோக் வான் தோ தைவான் விமான விபத்தில் மாண்டார் என்பதையும் ஒரு பக்கத்திலாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, உறையின் பின்புறத்தில் இரண்டாவது படத்தின் முடிவை அப்படியே அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். பெட்டியைத் திருப்பிப் பார்க்காமல் தட்டை வெளியே எடுத்துவிடுங்கள்.