அலாஸ்கா கப்பல் பயணம்: சியாட்டிலில் ஏறுவதா, வான்கூவரில் ஏறுவதா?

மூன்று ஆண்டு இடைவெளியில் அலாஸ்காவுக்கு இரண்டு முறை கப்பலில் சென்று வந்திருக்கிறோம். முதல் முறை, நாங்கள் வசிக்கும் சியாட்டில் பகுதியிலிருந்தே புறப்பட்ட மிகப் பெரிய கப்பலில், மனைவி பிள்ளைகளோடும் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவோடும் போனோம். இரண்டாம் முறை, சென்ற ஜூன் மாதம், வான்கூவரிலிருந்து புறப்பட்ட நடுத்தரக் கப்பலில் அம்மா, அப்பா இருவரையும் அழைத்துக்கொண்டு போனோம். இரண்டுமே ஏழு இரவுப் பயணங்கள். இரண்டிலும் ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் ஆகிய மூன்று ஊர்களும் இருந்தன. ஒரே வகை அறைக்கான கட்டணத்திலும் எங்களுக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இருந்தும் அம்மாவைக் கேட்டால், முதல் பயணத்தைப் பற்றி இரண்டு வாக்கியமும் இரண்டாவதைப் பற்றி இரண்டு மணி நேரமும் பேசுவார். பெற்றோரைக் கோடையில் வரவழைக்கும் நண்பர்கள் பலர் இந்த இரண்டில் எது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் என் அனுபவத்தை விரிவாக எழுதுகிறேன். நான் வான்கூவர் பக்கம் சாய்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் விசா. சியாட்டிலில் ஏறிச் சியாட்டிலிலேயே இறங்கினால் கனடா விசா வேண்டியதில்லை என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. அமெரிக்காவில் 1886-இல் இயற்றப்பட்ட பயணிகள் கப்பல் சட்டத்தின்படி, வெளிநாட்டுக் கொடியுடன் ஓடும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொடாமல், அமெரிக்க ஊர்களை மட்டும் காட்டிவிட்டு அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து இறக்க முடியாது. பெரிய சொகுசுக் கப்பல்கள் ஏறத்தாழ அனைத்தும் பஹாமாஸ், பெர்முடா, நெதர்லாந்து போன்ற நாடுகளின் கொடியைத் தாங்கியவை. ஆகவேதான் சியாட்டில் கப்பல்கள் கடைசி நாள் மாலையில் விக்டோரியாவிலோ வேறொரு கனடியத் துறைமுகத்திலோ சில மணி நேரம் நின்றுவிட்டு வருகின்றன. அந்தச் சில மணி நேரத்துக்காக, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெற்றோருக்குக் கனடா விசா எடுத்தே ஆக வேண்டும். அமெரிக்க விசாவும் பல முறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். பச்சை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருப்பவர்களுக்கு, செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் கையில் இருந்தால், கனடா விசா தேவையில்லை. எப்படிப் பார்த்தாலும் விசாவைக் காரணம் காட்டி வான்கூவரைத் தள்ளிவைக்க வழியில்லை.

செலவும் அலைச்சலும் சியாட்டிலுக்குச் சாதகமானவை. வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் துறைமுகம் வந்துவிடுகிறது. வான்கூவருக்கோ ஏறத்தாழ 230 கிலோமீட்டர் பயணம், எல்லையில் காத்திருப்பு, முந்தைய இரவு ஒரு விடுதி அறை ஆகியவை சேர்ந்துகொள்கின்றன. கனடா பிளேஸ் துறைமுகத்தில் அமெரிக்கக் குடிவரவுச் சோதனையைக் கப்பலில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுகிறார்கள் என்பதால், ஒரே நாளில் மூன்று கப்பல்கள் நின்றால் வரிசை நீளும். நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலியை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவது நல்லது.

கப்பலின் அளவையும் துறைமுகமே ஓரளவு முடிவு செய்துவிடுகிறது. வான்கூவர் துறைமுகத்துக்குள் நுழைய லயன்ஸ் கேட் பாலத்தின் அடியில் போயாக வேண்டும். அதன் கீழ் உள்ள உயரம் 61 மீட்டர்தான். அதனால் மிக உயரமான புதிய கப்பல்கள் சியாட்டிலிலிருந்தே ஓடுகின்றன. நார்வீஜியன் பிளிஸ், ஓவேஷன் ஆஃப் த சீஸ் ஆகிய இரண்டும் தலா 1,68,000 டன் கொள்ளளவைத் தாண்டியவை. ஏறத்தாழ நாலாயிரம் பயணிகளைச் சுமப்பவை. முன்னதில் மேல்தளத்தில் கோ-கார்ட் என்னும் சிறு கார்களுக்கான பந்தயத் தடமே இருக்கிறது. பின்னதில் கடல்மட்டத்திலிருந்து 300 அடி உயரத்துக்குத் தூக்கிக் காட்டும் கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. வான்கூவரிலிருந்து ஓடிவந்திருக்கும் கோனிங்ஸ்டாம் போன்றவை ஒரு லட்சம் டன்னுக்குச் சற்றுக் குறைவானவை. ஏறத்தாழ 2,650 பேருக்கானவை. பத்து வயதுப் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சியாட்டிலிலும் யூரோடாம் போன்ற நடுத்தரக் கப்பல்கள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவையெல்லாம் எங்களுக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டன. வரைபடத்தை எடுத்துச் சியாட்டிலுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே 450 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் வான்கூவர் தீவைப் பாருங்கள். கப்பல் அந்தத் தீவுக்கு மேற்கே போகிறதா, கிழக்கே போகிறதா என்பதுதான் என் கணக்கில் இந்த ஒப்பீடு முழுவதையும் தீர்மானிக்கும் கேள்வி. சியாட்டிலில் புறப்படும் கப்பல் பொதுவாக ஹுவான் டி ஃபூக்கா நீரிணை வழியாக முதல் இரவிலேயே திறந்த பசிபிக்கில் இறங்கி, தீவின் மேற்குப் புறமாக வடக்கே போகிறது. மறுநாள் முழுவதும் கடலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. திரும்பும்போதும் கெட்சிகனிலிருந்து விக்டோரியா வரை அதே கடல்தான். ஏழு நாளில் ஏறத்தாழ இரண்டு நாள் இப்படிப் போய்விடுகிறது.

வெறுமையாவது பொறுத்துக்கொள்ளக் கூடியது, அலை அப்படியன்று. எங்கள் முதல் பயணத்தின் இரண்டாம் நாள் காலையில் நான் காப்பி வாங்கப் போனபோது, படிக்கட்டுக் கைப்பிடிகள் நெடுக வாந்திப் பைகளை வரிசையாகச் செருகி வைத்திருந்தார்கள். நீச்சல் குளத்தின் நீரை இறக்கிவிட்டு மேலே வலை கட்டியிருந்தார்கள். மேசையில் வைத்த தட்டு மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்து, நின்று, மறுபக்கம் நகர்ந்தது. சிப்பந்திகளுக்கு அது வழக்கமான நாள் என்பது அவர்கள் நடையிலேயே தெரிந்தது. நானும் பிள்ளைகளும் தாங்கிக்கொண்டோம். அம்மாவோ காலையில் இரண்டு வாய் இட்லிப்பொடி சோறு சாப்பிட்டதைக்கூட வைத்துக்கொள்ள முடியாமல், கையோடு கொண்டுவந்திருந்த சுக்கைக் கடித்தபடி மாலை வரை கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தார். மாத்திரை கொடுத்தோம்; ஆனால் குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கும் மாத்திரை அவ்வளவாகப் பயன் தருவதில்லை. திரும்பும் வழியில் அலை ஒன்றும் பெரிதாக இல்லை, ஆயினும் ‘மறுபடியும் அந்தக் கடலா’ என்ற அச்சமே அவருக்குக் கெட்சிகனை ரசிக்கவிடாமல் செய்துவிட்டது.

வான்கூவர் கப்பல் தீவின் கிழக்கே, பெருநிலத்துக்கும் தீவுக்கும் இடையிலான உள்வழியில் போகிறது. ஜார்ஜியா நீரிணை, டிஸ்கவரி பாசேஜ், சீமோர் நேரோஸ், ஜான்ஸ்டன் நீரிணை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் இந்த நீர்வழியின் இரு பக்கமும் காடடர்ந்த மலைகள் நிற்பதால் பெருங்கடல் அலைக்கு உள்ளே வர இடமில்லை. தீவின் வடமுனையைத் தாண்டியதும் குயின் ஷார்லட் சவுண்ட் என்ற கடற்பகுதியில் சில மணி நேரம் கப்பல் திறந்த நீருக்கு வரத்தான் செய்கிறது. அந்த இடத்தில் எங்கள் கப்பலும் ஆடியது. ஆனால் அதன் அளவு தெரிந்திருந்ததால், அதற்கு ஒரு மணி நேரம் முன்பே அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்க முடிந்தது. எழுந்தபோது அவருக்குப் பசித்தது.

சீமோர் நேரோஸ் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். முக்கால் கிலோமீட்டர் அளவே அகலமான இந்த இடுக்கில் நீரோட்டம் 15 நாட் (மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர்) வேகம் வரை போகும் என்பதால், பெரிய கப்பல்கள் ஓதம் தணியும் நேரம் பார்த்தே கடக்கின்றன. இதன் நடுவே நீருக்கடியில் ரிப்பிள் ராக் என்ற இரட்டைச் சிகரப் பாறை இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கலங்களைச் சேதப்படுத்திய அதை 1958 ஏப்ரல் 5 அன்று, அடியில் சுரங்கம் குடைந்து, 1,375 டன் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். போகும்போது இந்த இடம் நள்ளிரவை ஒட்டி வந்ததால் தவறவிட்டோம். திரும்பும்போது, ஜூன் மாதத்து நீண்ட அந்தியில், இரவு ஒன்பது மணிக்கு மேல் கடந்தோம். கரையிலுள்ள மரங்களைத் தனித்தனியாக எண்ணலாம் போல அருகில் இருந்தன. நீர் அங்கங்கே சுழித்து, கொதிக்கும் உலை போல மேலெழும்பிக்கொண்டிருந்தது. அப்பா நாற்பது ஆண்டு பொதுப்பணித் துறையில் அணை, மதகு என்று நீரோடு வாழ்ந்தவர். பால்கனியை விட்டு உள்ளே வர மறுத்துவிட்டார். அன்று பகலில் ஜான்ஸ்டன் நீரிணையில் வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி இழுத்துச் செல்லும் சிறு இழுவைப் படகு, ஒற்றை வீடு ஒன்றின் புகைபோக்கி, சற்று நேரம் கூடவே வந்த ஓர்காத் திமிங்கிலக் கூட்டம் என்று எதையாவது பார்த்துக்கொண்டே வந்தோம். கப்பலில் கழியும் நாளும் காட்சி நாளாகிவிடுவது இந்த வழியில்தான்.

சியாட்டில் கப்பல்களும் சில நாள்களில் உள்வழியாக வருவதுண்டு. ஆனால் முன்பதிவு செய்யும்போது அதை நம்பிப் பணம் கட்டக் கூடாது. அதேபோல, ஜூலை மாதத்தில் மேற்குக் கடல் குளம் போலக் கிடந்தது என்று சொல்லும் நண்பர்களும் எனக்கு உண்டு. நான் அந்த வழியில் ஒரு முறைதான் போயிருக்கிறேன். குமட்டல் என்பதே அறியாத உடல்வாகு உள்ளவர்களுக்கு நான் இவ்வளவு அழுத்திச் சொல்லும் காரணம் அவ்வளவு பெரிதாகப் படாமல் போகலாம்.

அடுத்து, பனியாறு. இங்கே துறைமுகத்தைவிடப் பயணத் திட்டத்தில் அச்சாகியிருக்கும் சொல்தான் முக்கியம். கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் அனுமதி இல்லை. அந்த அனுமதி சியாட்டில் கப்பல்களில் சிலவற்றுக்கும் உண்டு, வான்கூவர் கப்பல்களிலும் சிலவற்றுக்கு அது இல்லை. அனுமதி இல்லாதவை டிரேசி ஆர்ம், எண்டிகாட் ஆர்ம் போன்ற குறுகிய மலையிடுக்கு நீர்நிலைகளுக்குப் போய்வந்தன. 2025 ஆகஸ்ட் 10 அன்று டிரேசி ஆர்மில் பெரிய நிலச்சரிவு ஏற்பட்டு ஆழிப்பேரலை எழுந்ததால், அந்த இடத்தை இனி நம்பியிருக்க முடியாது. எண்டிகாட் ஆர்மிலும் மிதக்கும் பனிக்கட்டி அதிகமாகிவிட்டால் பனியாற்றின் முகத்தைக் காணாமலே கப்பல் திரும்பிவிடும். எங்கள் முதல் பயணத்தில் நடந்ததும் அதுதான்.

கிளேசியர் பேயில் பூங்கா வனக்காவலர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறி, நாள் முழுவதும் கூடவே இருந்து விளக்குகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த விரிகுடா முழுவதும் ஒரே பனிப்பாளமாக இருந்தது. அந்தப் பனி முன்னேறியதால்தான் அங்கே வாழ்ந்த ட்லிங்கிட் பழங்குடி மக்கள் தம் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. அதன்பின் அது நூறு கிலோமீட்டர் அளவுக்குப் பின்வாங்கிவிட்டதால்தான் இன்று கப்பல் உள்ளே போக முடிகிறது. மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்று மெதுவாகத் திரும்பியது. நீலம் பாய்ந்த சுவரிலிருந்து ஒரு துண்டு சத்தமே இல்லாமல் சரிந்தது. அது நீரில் விழுந்த பிறகுதான் இடி போன்ற ஓசை எங்களை வந்தடைந்தது. அம்மா அன்று கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஐந்து மணி நேரம் தளத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கரையில் கிடைக்கும் நேரமும் இதே கணக்கில் வருகிறது. விக்டோரியாவுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டியிருப்பதால் சியாட்டில் கப்பல் கெட்சிகனில் அவசரப்படுகிறது. எங்களுக்கு அங்கே காலை ஏழு மணி முதல் பிற்பகல் ஒன்றரை வரைதான் கிடைத்தது. மறுநாள் விக்டோரியாவை அடைந்தபோது இரவு எட்டரை. புச்சார்ட் பூந்தோட்டத்துக்குப் போகும் பேருந்தைப் பிடிக்கவே நேரம் சரியாக இருந்தது. வான்கூவர் கப்பலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஸ்காக்வேயில் 1898 முதல் 1900 வரை கட்டப்பட்ட ஒயிட் பாஸ் குறுகிய ரயில்பாதையில் போய்வர இரண்டு பயணங்களிலுமே போதிய நேரம் இருந்தது.

வேறு வழிகளும் உண்டு. வான்கூவரில் ஏறி விட்டியரிலோ சீவார்டிலோ இறங்கி, தெனாலி தேசியப் பூங்காவைப் பார்த்துவிட்டு விமானத்தில் திரும்பும் ஒருவழிப் பயணத்தை நான் செய்ததில்லை. உள்வழியும் அதில் கிடைக்கிறது, வடக்கே கூடுதல் பனியாறுகளும் கிடைக்கின்றன என்பதால் பத்துப் பன்னிரண்டு நாள் ஒதுக்கக்கூடியவர்கள் அதைப் பரிசீலிக்கலாம். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சுற்றிவரும் பயணத்தில் திறந்த கடல் இன்னும் அதிகம். அம்மாவை வைத்துக்கொண்டு அதை யோசிக்கவே மாட்டேன். செப்டம்பர், அக்டோபரில் கப்பல்கள் வான்கூவரிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு இறங்கும்போது விற்கும் சில நாள் கரையோரப் பயணங்கள் மலிவானவை. கோல்டன் கேட் பாலத்தின் கீழ் நுழையும் காட்சிக்காகவே விரும்புவோர் உண்டு. அதிலும் வழி முழுக்கத் திறந்த பசிபிக்தான்.

சிறு பிள்ளைகளோடு மட்டும் போகிறவர்கள், கடல் ஆட்டம் ஒத்துக்கொள்கிறவர்கள், கப்பலையே பொழுதுபோக்கு இடமாகக் கருதுகிறவர்கள் சியாட்டிலில் ஏறுவது நல்லது. அங்கேயும் கிளேசியர் பே என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கும் பயணத்தையே எடுங்கள். எந்தக் கப்பலானாலும் பெரியவர்களுக்கு மேல்தள அறை வேண்டாம். கப்பலின் நீளத்தில் நடுவிலும் உயரத்தில் கீழ்ப்புறமும் உள்ள அறையில் ஆட்டம் குறைவு; மின்தூக்கிக்கும் அருகாக இருக்கும்.

என் மனைவியின் பெற்றோர் வரும் மே மாதம் வருகிறார்கள். தென்கிழக்கு அலாஸ்காவில் ஆகஸ்டு, செப்டம்பரைவிட மே, ஜூனில் மழை குறைவு என்பதால் மாதத்தையும் அதற்கேற்பவே தேர்ந்தோம். வான்கூவரிலிருந்து, கிளேசியர் பே உள்ள ஏழு இரவுப் பயணத்தில், நான்காம் தளத்தின் நடுவே இரண்டு அறைகளுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. அவர்களுடைய கனடா விசா விண்ணப்பத்தை அதற்கும் முன்பே அனுப்பிவிட்டோம்.