விஎஸ் கோடில் குறுக்குவிசைகளைத் தேர்ந்த விதம்: ஒரு நெடுநாள் பயனரின் அனுபவம்

நிரல் எழுதவும் தமிழில் கட்டுரை எழுதவும் பல ஆண்டுகளாக விஎஸ் கோட் எடிட்டரையே பயன்படுத்தி வருகிறேன். குறுக்குவிசைகளை, அதாவது ஒரு கட்டளையை உடனே இயக்கும் விசைச் சேர்க்கைகளை, தேர்ந்தெடுக்கும்போது எந்த விசை காலியாக இருக்கிறது என்று பார்ப்பதைவிட, தமிழ் விசைப்பலகை இயங்கும்போதும் இயங்காதபோதும் ஒரே மாதிரி வேலை செய்வது எது என்று பார்ப்பதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

இந்த எண்ணம் விம் எடிட்டரில் எழுதிய காலத்தில் உருவானது. 1976-இல் பில் ஜாய் எழுதிய விஐ எடிட்டரின் வழிவந்த விம்மில், இயல்பு நிலையில், அதாவது உரையை உள்ளிடாமல் கட்டளைகளை ஏற்கும் நிலையில், தனி எழுத்துகளே கட்டளைகள். எச், ஜே, கே, எல் ஆகிய நான்கும் கர்சரை நகர்த்துகின்றன. ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற கணினி முனையத்தில் அம்புக்குறிகள் அந்த விசைகளின் மீதே அச்சிடப்பட்டிருந்ததுதான் அதற்குக் காரணம். இயல்பு நிலைக்குத் திரும்ப உதவும் எஸ்கேப் விசையும் அதில் இன்றைய டேப் இருக்கும் இடத்தில், விரலுக்கு எட்டும்படி இருந்தது. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இந்த ஏற்பாட்டின் வேகம் இன்றும் வியப்பளிப்பது. ஆனால் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு இயங்கும்போது அதே நான்கு விசைகள் க, ப, ம, த ஆகிவிடுகின்றன. ஒரு வரியை நீக்க டி (d) விசையை இருமுறை தட்டினால் எடிட்டருக்குப் போய்ச் சேர்வது இரண்டு உகரங்கள். எழுதும் நிலையில் மட்டும் மொழியை மாற்றித் தரும் கீமேப் வசதி விம்மில் உண்டு என்றாலும், மற்ற எல்லாச் செயலிகளிலும் கணினியின் விசைப்பலகையையே மாற்றிப் பழகிய கைக்கு, ஒரே ஓர் எடிட்டருக்கென்று தனி வழக்கம் படியவில்லை.

கன்ட்ரோல் சேர்க்கைகளோ என் விண்டோஸ் கணினியில் தமிழ்99 இயங்கும்போதும் மாறுவதில்லை. ஆகவே வெட்டுதல், ஒட்டுதல், சேமித்தல், தேடுதல் என எல்லாச் செயலிகளுக்கும் பொதுவானவற்றில் நான் கைவைப்பதே இல்லை. கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்த சேர்க்கைகளையும் தவிர்க்கிறேன். கூடுதல் எழுத்துகளுக்கு வலப்பக்க ஆல்ட் விசையைப் பயன்படுத்தும் விசைப்பலகைகளில், அந்த ஒற்றை விசையை விண்டோஸ் இவ்விரண்டும் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. மேக் வைத்திருப்பவர்கள் கன்ட்ரோல்-ஸ்பேஸ் சேர்க்கையைக் கவனிக்க வேண்டும்: விஎஸ் கோட் அதைப் பரிந்துரைப் பட்டியலுக்கு வைத்திருக்கிறது, இயங்குதளமோ மொழி மாற்றத்துக்கு வைத்திருக்கிறது.

நானாக அமைத்துக்கொண்டவற்றுள் மிகுதியாகப் பயன்படுவது வரிகளை இணைக்கும் கட்டளை. பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு பத்தியை எடுத்து ஒட்டினால் ஒவ்வொரு வரியும் பாதியில் முறிந்து நிற்கும். இக்கட்டளை அவற்றை ஒரே பத்தியாக்கித் தரும். விண்டோஸ் பதிப்பில் இதற்கு இயல்பாக எந்த விசையும் ஒதுக்கப்படவில்லை. மேக் பதிப்பில் இது கன்ட்ரோல்-ஜே. விம்மிலும் பெரிய ஜே இதையே செய்கிறது. எனவே நானும் கன்ட்ரோல்-ஜேயையே தேர்ந்தேன். அச்சேர்க்கை ஏற்கெனவே கீழ்ப்பலகத்தைத் திறந்து மூடுவதற்கு உரியது என்பதால், மார்க்டவுன் (எளிய குறிகளால் வடிவமைக்கப்படும் உரை) கோப்பில் கர்சர் இருக்கும்போது மட்டும் வரிகளை இணைக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துவிட்டேன். நிரல் கோப்புகளில் அது தன் பழைய வேலையையே செய்கிறது. விஎஸ் கோடின் குறுக்குவிசை அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த நிபந்தனை வசதிதான். கன்ட்ரோலை அழுத்தியபடி கே, எஸ் இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் முழுப் பட்டியலும் திறக்கும். ஒரே சேர்க்கை எத்தனை கட்டளைகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

எப்போதாவது மட்டும் தேவைப்படும் கட்டளைகளுக்கு நான் விசையே ஒதுக்குவதில்லை. கன்ட்ரோல்-ஷிப்ட்-பி (P) அழுத்தி, கட்டளைகளைப் பெயரால் தேடும் கமாண்ட் பேலட்டில் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் கட்டளை வந்துவிடும். அதற்கு விசை ஏதேனும் இருந்தால் பெயருக்குப் பக்கத்திலேயே காட்டும்.